சார்டனே நடப் போகிறவர்களுக்கு: குளோன் தேர்வு, படிப்படியாக

திராட்சை நாற்றுப் பண்ணையின் பட்டியலைத் திறந்தால், சார்டனே என்ற வெள்ளை ஒயின் திராட்சையின் ஒரே பெயருக்குக் கீழே 76, 95, 96, 548, 809, 04, 05, 17 என்று எண்கள் வரிசையாக நிற்கும். புதிதாக வருபவர் முதலில் தடுமாறுவது இங்கேதான். அப்புறம் யாரோ ஒருவர் "95 வாங்குங்கள், அதுதான் சிறந்தது" என்பார். இன்னொருவர் 76 என்பார். தங்கள் நிலத்தைப் பொறுத்தவரை இருவரும் சரியாகவே சொல்லியிருப்பார்கள். உங்கள் நிலத்துக்கும் அது பொருந்துமா என்பதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வில்லமெட் பள்ளத்தாக்கு போன்ற குளிர்ந்த பகுதியில் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ வெள்ளை ஒயினுக்காக நடப் போகிறவரை மனதில் வைத்து எழுதுகிறேன். இந்தப் பள்ளத்தாக்கின் சார்டனே கதையே குளோனால் திரும்பிய கதை என்பதால், கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளோனைத் தேர்ந்தெடுக்கும்போது கொடியின் ஆரோக்கியம் முதலில் வர வேண்டும், பழுக்கும் காலம் அடுத்து, குலையின் அமைப்பு அதற்கடுத்து. வாசனையும் சுவையும் கடைசியில்தான். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

குளோன் என்பது என்ன

சார்டனே எங்கிருந்து வந்தது என்பது 1999ல் டிஎன்ஏ சோதனையில் தெளிவானது. பீனோ என்ற உயர்ந்த ரகமும், குவே பிளாங்க் என்ற, யாரும் பெரிதாக மதிக்காத பழைய வெள்ளை ரகமும் எங்கோ ஒரு தோட்டத்தில் தற்செயலாகக் கலந்ததில் பிறந்த குழந்தை அது. அன்று முளைத்தது ஒரே ஒரு விதை. இன்று உலகம் முழுக்க உள்ள சார்டனே கொடிகள் எல்லாமே அந்த ஒரு செடியிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் குச்சி வெட்டி வளர்த்தவை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையை விதை போட்டு வளர்க்காமல் குச்சி வெட்டி நடுவார்களே, அதே முறைதான்.

ஆனால் பல நூறு ஆண்டுகள் குச்சி வெட்டி நட்டுக்கொண்டே வந்தால் இடையில் சிறுசிறு மரபணு மாற்றங்கள் சேர்ந்துவிடும். ஒரு கொடியில் குலை சிறுத்திருக்கும், இன்னொன்றில் காய்ப்பு கூடுதலாக இருக்கும், வேறொன்றில் பழத்தில் மஸ்கட் திராட்சையின் பூ வாசனை அடிக்கும். இப்படித் தனித்துத் தெரிந்த ஒரு தாய்க்கொடியைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து மட்டும் பெருக்கி, எண் கொடுத்து வைத்தால் அது குளோன். 2018ல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 15 சார்டனே குளோன்களின் மரபணுவை வரிசைப்படுத்தி ஒப்பிட்டு, குளோன்களை டிஎன்ஏ மூலமே பிரித்தறிய வழி காட்டினார்கள். அதுவரை கண்ணால் பார்த்து ஊகிப்பதும், நாற்றுப் பண்ணையின் பதிவேட்டை நம்புவதும்தான் வழி.

வேலையைத் தொடங்கும் முன்: எண்களைப் படிக்கப் பழகுங்கள்

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். இங்கே குழம்பினால் பணம் கொடுத்துத் தவறான கொடியை வாங்கிவிடுவீர்கள். எண்களை இரண்டு தனித்தனி அமைப்புகள் கொடுத்திருக்கின்றன.

ஒன்று பிரெஞ்சு எண். பிரான்சின் பர்கண்டி பகுதியில் 1950களில் திராட்சைத் தோட்டங்கள் வைரஸ் நோயால் நலிந்து கிடந்தன. டிஜான் நகரில் அரசுப் பணியில் இருந்த ரேமோன் பெர்னார் நல்ல கொடிகளைத் தேடி எடுத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். 76, 95, 96 போன்ற எண்கள் அந்த முயற்சியில் வந்தவை. இந்தக் குளோன்களுக்கு அமெரிக்காவில் டிஜான் குளோன்கள் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் அவரது நினைவாகவே பெர்னார்ட் குளோன்கள் என்கிறார்கள். பொருள் ஒன்றுதான்.

இன்னொன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உள்ள ஃபவுண்டேஷன் பிளான்ட் சர்வீசஸ் கொடுக்கும் எண். சுருக்கமாக எஃப்.பி.எஸ். என்பார்கள். எஃப்.பி.எஸ். 04, எஃப்.பி.எஸ். 17 என்பவை இந்த வகை. ஒரே பிரெஞ்சு குளோன் எஃப்.பி.எஸ். பட்டியலில் வேறொரு எண்ணோடு இருக்கும். ஆகவே வெறும் எண்ணை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள். எந்த அமைப்பின் எண் என்பதையும் சேர்த்து எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எண்ணே இல்லாமல் பெயரோடு சுற்றும் பழைய தேர்வுகளும் உண்டு. கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் உள்ள வென்டி குடும்பம் 1912ல் பிரான்சின் மோன்பெலியே நகரிலிருந்து குச்சிகள் வாங்கி நட்டது. அந்தத் தோட்டத்திலிருந்து பரவியவற்றைப் பொதுவாக 'வென்டி' என்பார்கள். கலிஃபோர்னியாவின் சார்டனேயில் பெரும்பகுதி ஏதோ ஒரு வழியில் அங்கே போய் முடியும். அர்ஜென்டினாவின் ஒரு மாகாணத்தின் பெயரைத் தாங்கிய மெண்டோசாவும், மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் பகுதிக்குப் பேர் வாங்கித் தந்த ஜின்ஜினும் இப்படிப் பெயரால் அறியப்படுபவைதான்.

முதல் படி: நோய் இல்லாத கொடி

குளோனைப் பற்றிப் பேசும் பலரும் இதை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். நல்ல குளோனில் வைரஸ் இருந்தால் அது கெட்ட கொடிதான்.

பயப்பட வேண்டியவை முக்கியமாக இலைச் சுருள் வைரஸ், விசிறி இலை வைரஸ், சிவப்புத் திட்டு வைரஸ் ஆகிய மூன்றும். இலைச் சுருள் வைரஸ் பழம் பழுப்பதைத் தாமதப்படுத்தி, சர்க்கரையையும் குறைத்துவிடும். ஏற்கெனவே வெயில் போதாத ஊரில் இது பெரிய அடி. மாவுப்பூச்சி இதை ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிக்குக் கொண்டுபோகும். விசிறி இலை வைரஸ் மண்ணில் வாழும் நூற்புழு வழியாகப் பரவும். மண்ணில் ஒருமுறை குடியேறிவிட்டால் கொடியைப் பிடுங்கினாலும் போகாது.

சார்டனேயில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பீனோ நுவார் போன்ற கருந்திராட்சையில் இலைச் சுருள் வைரஸ் வந்தால், பருவத்தின் கடைசியில் இலை சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை ரகத்தில் இலை சிவக்காது. லேசாக மஞ்சளித்து ஓரம் கீழே சுருளும், அவ்வளவுதான். பலருக்கு அது கண்ணிலேயே படாது. அதனால் பக்கத்துத் தோட்டக்காரர் எவ்வளவு அன்பாகக் குச்சி வெட்டிக் கொடுத்தாலும் வாங்கி நடாதீர்கள். அவரும் ஏமாற்றவில்லை, அவருக்கே தெரியாது. ஆய்வுக்கூடச் சோதனைதான் ஒரே சாட்சி.

வெளிநாட்டுக்குப் போய் வரும்போது பெட்டியில் நாலு குச்சி மறைத்துக் கொண்டு வருவதைப் பெருமையாகச் சொல்பவர்களைப் பார்ப்பீர்கள். அது சட்டவிரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஊரில் இல்லாத நோயை ஊருக்குள் விடுகிற வேலை அது. உங்கள் நிலத்தோடு நிற்காது.

நாற்றுப் பண்ணையில் கேட்க வேண்டியவை இவை: இந்தக் கொடி சான்றளிக்கப்பட்டதா? அதன் தாய்க்கொடி எந்தத் தோட்டத்தில் இருக்கிறது? கடைசியாக எப்போது, எந்தெந்த வைரஸுக்குச் சோதித்தார்கள்? வேர்ச்செடிக்கும் (சார்டனேயை ஒட்டுக் கட்ட, கீழே வேராக நிற்கும் வேறொரு கொடி) தனியாகச் சோதனை உண்டா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒட்டுச் செடியில் இரண்டு உயிர்கள் இருக்கின்றன. நோய் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம்.

இரண்டாம் படி: உங்கள் ஊரில் எப்போது மழை வரும்

வில்லமெட் பள்ளத்தாக்கில் தொடக்க காலத்தில் சார்டனே நட்டவர்களுக்குக் கிடைத்தது கலிஃபோர்னியாவில் புகழ்பெற்றிருந்த டேவிஸ் தேர்வு. 108 என்று அழைப்பார்கள். இன்றைய எஃப்.பி.எஸ். 04, 05 இரண்டும் அந்த வழி வந்தவை. பேராசிரியர் ஹெரால்ட் ஓல்மோ நல்ல காய்ப்பும் சீரான குலையும் வேண்டும் என்று தேடி எடுத்தது அது. கலிஃபோர்னியாவின் நீண்ட வெயிலுக்கு அருமையாகப் பொருந்தியது. ஓரிகனில் குலை பெரிதாக இருக்கும், ஆனால் பழுத்து முடிவதற்குள் அக்டோபர் மழை வந்துவிடும். விளைந்த ஒயின் பல ஆண்டுகள் மெலிந்து, புளித்துக் கிடந்தது. இந்த ஊருக்குச் சார்டனே ஒத்துவராது என்றே பலர் முடிவு கட்டினார்கள்.

1974ல் டேவிட் அடெல்ஷைம் என்ற ஓரிகன் விவசாயி பர்கண்டிக்குப் போனபோது, அங்கே சார்டனேயும் பீனோ நுவாரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுப்பதைக் கவனித்தார். தன் ஊரில் சார்டனே மட்டும் ஏன் பின்தங்குகிறது என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. அவரும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து முயன்று, 1980களில் டிஜான் குளோன்களை வரவழைத்தார்கள். அவை ஒரு வாரம், இரண்டு வாரம் முன்னதாகவே பழுத்தன. மழைக்கு முன் அறுவடையை முடித்துவிட அந்த இடைவெளி போதும். மக்கள் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றை நட்டார்கள்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. கோடைகள் சூடேறிவரும் இந்தக் காலத்தில் டிஜான் குளோன்கள் சில ஆண்டுகளில் சீக்கிரமே சர்க்கரை ஏறி, புளிப்பை இழந்துவிடுகின்றன. பிடுங்காமல் விட்ட பழைய 108 கொடிகள் அதே ஆண்டில் புளிப்பைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஓரிகனில் சிலர் அவற்றை இப்போது பொக்கிஷமாகப் பார்க்கிறார்கள். நுரை ஒயின் செய்பவர்களுக்கு அது இன்னும் பிரியம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கடந்த பத்து ஆண்டுகளில் சார்டனே அறுவடை எந்தத் தேதிகளில் நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். இலையுதிர்கால மழை தொடங்கிய தேதிகளையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம்கூட இல்லையென்றால் 76, 95 போன்று முந்திப் பழுப்பவையே உங்களுக்கு அடித்தளம். நிலம் தெற்கு நோக்கிய தாழ்வான சரிவாக இருந்து, அறுவடை செப்டம்பர் தொடக்கத்திலேயே வருகிறது என்றால் பிந்திப் பழுக்கும் ஒன்றையும் தைரியமாகச் சேர்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: வசந்தகாலப் பனியிலிருந்து தப்பிக்கக் குளோனை நம்ப வேண்டாம். சார்டனே எந்தக் குளோனாக இருந்தாலும் முன்கூட்டியே மொட்டு விடும் ரகம்தான். அதற்குப் பனி தேங்காத இடத்தைத் தேடுவதுதான் வழி.

மூன்றாம் படி: குலையைப் பாருங்கள்

குளிர்ந்த, ஈரமான ஊரில் குலை நெருக்கமாக இருந்தால் உள்ளே காற்று போகாது, அழுகல் பிடிக்கும். அதனால் குலையின் அமைப்பு சுவையைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். முடிந்தால் அறுவடைக்கு முந்தைய வாரம் ஒரு தோட்டத்துக்குப் போய், வெவ்வேறு குளோன்களின் குலைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பட்டியலில் படிப்பதைவிட அது அதிகம் சொல்லும்.

76 நடுத்தரக் குலை, ஒழுங்கான காய்ப்பு, நிதானமான சுவை. முதல்முறை நடுபவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். 95 காய்ப்பிலும் செறிவிலும் சமமாக நிற்கும். கலவையில் ஒயினுக்கு உடம்பு தருவது இது. 96 கூடுதலாகக் காய்க்கும், வாசனை நன்றாக இருக்கும், புளிப்பும் நிற்கும். ஆனால் விட்டுவிட்டால் அளவுக்கு மீறிக் காய்த்து நீர்த்துப்போகும், குலை கழிக்கத் தயாராக இருக்க வேண்டும். 548 சிறிய குலை, குறைந்த காய்ப்பு, அழுத்தமான சாறு. அதன் மகசூலை மட்டும் நம்பி வங்கிக் கடனுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

809 தனி ரகம் போலவே இருக்கும். மஸ்கட் வாசனை அடிக்கும் குளோன் இது. சிறிய அளவில் கலந்தால் ஒயின் மலர்ச்சியாக இருக்கும். அதிகமானால் சார்டனே என்றே யாரும் சொல்ல மாட்டார்கள்.

வென்டி, மெண்டோசா, ஜின்ஜின் வகைகளில் ஒரே குலையில் பெரிய பழமும், விதையில்லாத குட்டிப் பழமும் கலந்து நிற்கும். ஆஸ்திரேலியாவில் இதற்குக் 'கோழியும் குஞ்சும்' என்று பெயர். குட்டிப் பழங்களில் சாற்றுக்குத் தோல் விகிதம் அதிகம், சர்க்கரையும் புளிப்பும் செறிவாக இருக்கும். நியூசிலாந்திலும் மார்கரெட் ரிவரிலும் மிக நல்ல சார்டனேக்கள் இப்படிப்பட்ட குலைகளிலிருந்து வருகின்றன. பூக்கும் நேரத்தில் குளிரும் மழையும் வந்தால் இந்தக் குணம் எல்லை மீறி, குலையில் பாதி குஞ்சாகவே நின்றுவிடும். ஜூன் மாதம் குளிரும் ஊரில் இதை முக்கியக் குளோனாக வைக்க வேண்டாம். ஆசை இருந்தால் இரண்டு வரிசை போதும்.

நான்காம் படி: ஒன்றை மட்டும் நடாதீர்கள்

ஒரே குளோனை முழு நிலத்திலும் நட்டால் எல்லாம் ஒரே நாளில் பழுக்கும், ஒரே மழையில் கெடும், ஒயினும் ஒற்றைப் பரிமாணத்தில் நிற்கும். பர்கண்டியின் பழைய தோட்டங்களில் யாரும் எண் பார்த்து நடவில்லை. தங்கள் தோட்டத்திலேயே நன்றாக நின்ற பல கொடிகளிலிருந்து குச்சி எடுத்துக் கலந்து நட்டார்கள். குளோன் வந்த பிறகு இந்தப் பன்மை குறைந்ததைப் பார்த்து, பர்கண்டியில் பலர் மறுபடியும் கலப்புத் தேர்வுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அந்த முறையிலும் தாய்க்கொடிகள் ஒவ்வொன்றையும் வைரஸுக்குச் சோதிக்க வேண்டும் என்பதால், முதல்முறை நடுபவருக்கு எண்ணுள்ள குளோன்களின் கலவையே எளிது.

ஓர் உதாரணம் தருகிறேன். வரிசைக்கு வரிசை 2 மீட்டர், கொடிக்குக் கொடி 1 மீட்டர் விட்டால் ஓர் ஏக்கருக்குச் சுமார் 2,000 கொடிகள். வில்லமெட்டில் சாதாரணமான ஒரு சரிவுக்கு நான் 76ல் 700, 95ல் 700, 548ல் 400, எஃப்.பி.எஸ். 04 அல்லது 05ல் 150, 809ல் 50 என்று பிரிப்பேன். நிலம் வெப்பமானால் 95ஐக் குறைத்து 04ஐக் கூட்டுவேன். நிலம் அரை ஏக்கர்தான் என்றால் 76, 95 இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறிய அளவில் ஐந்து குளோன் வைத்தால் எதையும் தனியாக அறுத்துத் தனியாகப் பார்க்க முடியாது.

குளோன்களை வரிசைக்குள் கலக்காமல் தனித்தனி வரிசைகளாக நடுங்கள். அறுவடை நாள் மாறும்போது இந்த ஒழுங்கு கைகொடுக்கும்.

ஐந்தாம் படி: வேர்ச்செடி

ஓரிகனில் 1990ல் வேரைத் தின்னும் ஃபிலாக்செரா பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு சொந்த வேரில் நடுவது சூதாட்டம். ஒட்டுச் செடிதான் வாங்க வேண்டும். வில்லமெட்டின் எரிமலை மண்ணும் பழைய கடலடி வண்டல் மண்ணும் அமிலத்தன்மை கொண்டவை. அங்கே 3309, 101-14, ரிப்பாரியா குளோயர் போன்ற வேர்ச்செடிகள் பழக்கத்தில் உள்ளன. ஷாம்பெயினின் சுண்ணாம்பு மண்ணுக்காக இருக்கும் 41பி இங்கே தேவையில்லை. மண் ஆழமாகவும் வளமாகவும் இருந்தால் வேகத்தைக் குறைக்கும் ரிப்பாரியா, வறண்ட சரிவாக இருந்தால் கொஞ்சம் வலுவான வேர். மண் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் இதை முடிவு செய்யாதீர்கள். வேர் தப்பாகப் போனால் எந்தக் குளோனும் தன் குணத்தைக் காட்டாது.

ஆறாம் படி: ஆர்டரும் நடவும்

நீங்கள் கேட்கும் குளோனும் வேர்ச்செடியும் சேர்ந்த ஒட்டுச் செடி தயாராக இருக்காது. பண்ணையில் சொல்லி ஒட்டுக் கட்ட வேண்டும், அதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே முன்பதிவு அவசியம். நாற்று வந்ததும் ஒவ்வொரு கட்டின் அடையாளச் சீட்டையும் புகைப்படம் எடுங்கள். சில நாற்றுகளின் ஒட்டுப் பகுதியைக் கட்டை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பிளவு விட்டால் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்பலாம். நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும். மண்ணுக்குள் போனால் சார்டனே தன் சொந்த வேரை விட்டு, ஃபிலாக்செராவுக்கு வழி திறந்துவிடும்.

நட்ட அன்றே தோட்டத்தின் வரைபடம் ஒன்று போடுங்கள். எந்த வரிசை, எந்தக் குளோன், எந்த வேர், எந்தப் பண்ணை, எந்தத் தேதி. வரிசைக் கம்பத்தில் உலோகச் சீட்டு கட்டுங்கள். இலையைப் பார்த்து 76ஐயும் 95ஐயும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வரைபடம் தொலைந்தால் தகவலும் தொலைந்தது.

ஏழாம் படி: மூன்றாம் ஆண்டிலிருந்து அளந்து பாருங்கள்

சொல்லும்படியான முதல் காய்ப்பு மூன்றாம் ஆண்டில் வரும். அப்போதிருந்து ஒவ்வொரு குளோனிலும் வரிசையின் இரு பக்கமும், குலையின் மேலும் கீழுமாக 100 பழங்கள் எடுத்துப் பிழிந்து, ஒரே நாளில் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு), பிஎச், மொத்தப் புளிப்பு மூன்றையும் பதியுங்கள். வெவ்வேறு நாளில் எடுத்த எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பத்துக் குலைகளின் சராசரி எடையையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு எவ்வளவு குலை கழிக்க வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்லும்.

சுவையில் உண்மையான வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு குளோனிலிருந்தும் சுமார் 35 கிலோ பழத்தைத் தனியாகப் பிழிந்து, ஒரே அளவுக் கண்ணாடிக் குடுவைகளில், ஒரே ஈஸ்ட் போட்டு, ஒரே வெப்பநிலையில் நொதிக்க விடுங்கள். புதிய ஓக் பீப்பாயில் போட்டுவிட்டுக் குளோனின் சுவையைத் தேடாதீர்கள், ஓக்கின் வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும். வசந்தகாலத்தில் எண்ணை மறைத்துவிட்டு நாலு பேரோடு சுவையுங்கள். ஒரே ஆண்டின் முடிவை நம்பாதீர்கள். சூடான ஆண்டு ஒன்று, குளிர்ந்த ஆண்டு ஒன்று என்று இரண்டாவது கடந்து போகட்டும். அந்த ஆண்டுகளில் கவாத்தும் குலை கழிப்பும் எல்லா வரிசைக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கைவேலை மாறினால் குளோனைத்தான் ஒப்பிடுகிறோம் என்று சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குளோன் உங்கள் நிலத்துக்கு ஒத்துவரவில்லை என்றால் கொடியைப் பிடுங்க வேண்டியதில்லை. தண்டை வெட்டி, அதே வேரில் வேறு குளோனின் மொட்டை ஒட்டிக்கொள்ளலாம். பெரும்பாலும் ஓர் ஆண்டுக் காய்ப்புதான் போகும். ஆனால் அதற்கு முன்பு பழைய தண்டை வைரஸுக்குச் சோதித்துவிடுங்கள். தண்டில் நோய் இருந்தால், நீங்கள் சுத்தமாக வாங்கிய புது மொட்டுக்கும் அது ஏறிவிடும்.